உங்களுக்குத் தெரியுமா? சவரக்கத்தி தீட்டிய பழைய கல் எந்த ஊர்க் கல்?

பழைய சாமான் கடையிலோ தாத்தாவின் சவரப்பெட்டியிலோ எண்ணெய்ப் பிசுக்கேறிய நீளமான கல் ஒன்று கிடைக்கிறது. அதில் பெயரும் இல்லை, லேபிளும் இல்லை. அதை வெட்டியெடுத்த சுரங்கம்கூட எப்போதோ மூடப்பட்டிருக்கலாம். ஆனாலும் அது எந்த மலையில் பிறந்தது என்பதைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். நிறம், எடை, குழம்பு (தண்ணீர் விட்டுத் தேய்க்கும்போது கல் விடும் கூழ்), வெட்டிய விதம், லேபிள் ஒட்டியிருந்த தடம் என எல்லாச் சாட்சிகளையும் ஒன்றாக வைத்து விசாரிக்க வேண்டும்.

பழைய கதை

● ரோமானிய அறிஞர் மூத்த பிளினி தம் 'இயற்கை வரலாறு' நூலின் 36ஆம் பகுதியில் தீட்டுக்கற்களைத் தரம் பிரிக்கிறார். எண்ணெய் விட்டுத் தீட்டுவது ஒரு வகை, தண்ணீர் விட்டுத் தீட்டுவது இன்னொரு வகை. முடிதிருத்தகங்களில் எச்சில் தொட்டுத் தீட்டும் கல்லைத் தனி வகையாகச் சொல்லி, அதில் ஸ்பெயினின் லாமினியம் கல்லை முதலிடத்தில் வைக்கிறார். எண்ணெய்க் கல்லா, தண்ணீர்க் கல்லா என்பதுதான் இன்றைக்கும் முதல் கேள்வி.

● பாரிஸைச் சேர்ந்த கத்திக் கொல்லர் ழான் ழாக் பெரே 1769இல் 'லா போகோனோதோமி' என்ற நூலை வெளியிட்டார். தனக்குத் தானே சவரம் செய்துகொள்வதைக் கற்றுத்தரும் நூல் அது. தீட்டுக்கற்களை இனம் காணும் முறையும் உள்ளே உண்டு என்று நீண்ட தலைப்பிலேயே அச்சிட்டிருந்தார். "இது என்ன கல்?" என்ற கேள்விக்கு அப்போதே அவ்வளவு கிராக்கி!

● சவரக்கத்திக்கு ஏன் தனிக் கல்? மனித முடியின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான். நன்றாகத் தீட்டிய சவரக்கத்தியின் கூர்விளிம்பு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. காய்கறிக் கத்திக்குப் போதுமான கல், சவரக்கத்தியின் விளிம்பைப் பல்லுப் பல்லாக்கிவிடும். முகத்தில் வைத்ததுமே அது தெரிந்துவிடும்.

● சவரக்கத்தியைத் தீட்டும்போது அதன் தடித்த முதுகும் மெல்லிய விளிம்பும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். தீட்டும் கோணத்தை முதுகே தீர்மானித்துக்கொள்ளும். அதனால் கல்லின் முகம் துல்லியமாகச் சமமாக இருந்தாக வேண்டும். கல்லில் குழி விழுந்திருந்தால் கோணமும் குலைந்துபோகும்.

● கிங் கேம்ப் ஜில்லெட்டின் கழற்றி மாட்டும் பிளேடுக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் வீரர்களுக்காக 35 லட்சம் ஜில்லெட் ரேஸர்களை வாங்கியது. வீடு திரும்பிய வீரர்களில் பலர் மீண்டும் கத்தி தீட்ட உட்காரவில்லை. பல தீட்டுக்கற்கள் தேயாமலேயே இழுப்பறைக்குள் போயின. இன்று பழைய சந்தைகளில் அவை நல்ல நிலையில் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேர்பெற்ற கற்கள்

● பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் சால்ம்ஷாட்டோ, வியல்சால்ம், லியர்நே ஊர்களைச் சுற்றிக் கிடைப்பது 'கோட்டிகூல்'. வெளிர் மஞ்சள் அல்லது பாலாடை நிறம். வயது சுமார் 48 கோடி ஆண்டுகள். நீல ஊதாப் பாறைக்கு நடுவே மெல்லிய ரேகைகளாகத்தான் ஓடும். பெரிய துண்டாக வெட்டுவது கடினம் என்பதால் நீளமும் அகலமும் கூடக்கூட விலையும் எகிறும். சால்ம்ஷாட்டோவில் இந்தக் கல்லுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது.

● கோட்டிகூல் வெட்டுவது அதிலுள்ள கார்னெட் மணிகளால். மாங்கனீசு நிறைந்த 'ஸ்பெஸ்ஸார்டீன்' வகைக் கார்னெட் கல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கும். ஒவ்வொரு மணியும் சில மைக்ரான் அளவுதான். கார்னெட் பன்னிரண்டு முகங்களுடன் உருண்டு திரண்டு வளரும் படிகம். கூரிய முட்கள் இல்லாததால் எஃகை ஆழமாகக் கீறாமல் மேலோட்டமாகவே சீவி எடுக்கும். அதனால்தான் இந்தக் கல்லில் தீட்டிய விளிம்பு முகத்தில் இதமாக இருக்கிறது.

● அதே கார்னெட் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் நம் நவரத்தினங்களில் ஒன்றான கோமேதகம். கன்னியாகுமரி, திருநெல்வேலி கடற்கரை மணலைச் சிவப்பாக்குவதும் கார்னெட்தான். அது 'அல்மண்டீன்' வகை. தேய்க்கவும் அறுக்கவும் பயன்படும் தொழிற்பொருளாக அது விற்பனையானது.

● கோட்டிகூலின் மஞ்சள் அடுக்கு மெல்லியது. உடையாமல் இருக்க அடியில் கருநீலப் பலகைக்கல்லைச் சேர்ப்பார்கள். இரண்டும் பூமிக்குள்ளேயே ஒட்டிப் பிறந்ததா, பசை வைத்து ஒட்டியதா? பக்கவாட்டில் பாருங்கள். இணையும் கோடு நூல் பிடித்தாற்போல் நேராக, ஓரிடத்தில் பசை தெரியும்படி இருந்தால் அது ஒட்டியது. கோடு வளைந்து நெளிந்து, ஒரு நிறம் இன்னொன்றுக்குள் கலந்து போனால் அது இயற்கை இணைப்பு. ஒட்டிய கல் தரம் குறைந்ததல்ல. தீட்டும் முகம் இரண்டிலும் ஒன்றே.

● கோட்டிகூலுக்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கும் நீல ஊதாக் கல்லும் தீட்டுக்கல்தான். 'பெல்ஜிய நீலக்கல்' என்பார்கள். இதிலும் கார்னெட் உண்டு, ஆனால் குறைவு. மஞ்சள் கல்லைவிட மெதுவாகவே வெட்டும். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் குழம்பு இளம் ஊதாவாக வரும். ஊதாப் பலகைக்கல் எல்லாமே இது அல்ல. வேல்ஸ் நாட்டிலும் ஊதாப் பலகைக்கல் ஏராளம்.

● ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்தில் சோன்னபெர்க், ஸ்டைனாக் வட்டாரத்துப் பலகைக்கல், சவரக்கத்தியின் கடைசிக் கூர் ஏற்றத்துக்கு உலகப் புகழ் பெற்றது. இதை விற்றவர்களில் முதல் பெயர் சோன்னபெர்க்கின் ஜே. ஜி. எஷர் நிறுவனம். கல்லின் முனையில் ஒட்டிய சிறு லேபிளில் நிறத்தைக் குறிப்பிடுவார்கள்: மஞ்சள் பச்சை, இளம்பச்சை, நீலப்பச்சை, கருநீலம். லேபிள் இருந்தால் விலை பல மடங்கு. எனவே காகிதம், பசை, கல் மூன்றும் ஒரே அளவு பழசாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

● துரிங்கியக் கல் ஒன்றரை, இரண்டு அங்குல அகலத்தில் ஒடுங்கி நீண்டிருக்கும். மினுமினுப்போ பொட்டோ இல்லாமல் ஒரே சீராக இருக்கும். அதே பாறையில் வெட்டிய சிறு தேய்ப்புக் கல்லையும் சேர்த்தே விற்றார்கள். பெரிய கல்லோடு அதே நிறத்தில் சின்னத் துண்டு ஒன்று பெட்டிக்குள் கிடந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது ஒரு முக்கியச் சாட்சி.

● அந்த ஸ்டைனாக் ஊர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேண்டியதாக இருந்தது. பல்பம் என்கிற சிலேட்டுக் குச்சி தயாரிப்பில் அது பேர்போன ஊர். தீட்டுக்கல்லும் குச்சியும் அந்த வட்டாரப் பலகைக்கல் மலைகளின் பிள்ளைகளே. ஊரில் பலகைக்கல் அருங்காட்சியகமும் உண்டு.

● இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் மாவட்டத்துச் சார்ன்வுட் காட்டுப்பகுதியில், விட்டில் குன்றில் எடுத்தது 'சார்ன்லி ஃபாரஸ்ட்' கல். பாசிப்பச்சை அல்லது சாம்பல் பச்சை நிறத்தில் துருச்சிவப்புக் கோடுகளும் திட்டுகளும் இருக்கும். மிகக் கடினமானது, மெதுவாக வெட்டும், எளிதில் குழம்பு விடாது. துருக்கி எண்ணெய்க்கல்லுக்கு நல்ல மாற்று என்று ஆங்கிலேயர் இதைக் கொண்டாடினார்கள்.

● அதே சார்ன்வுட் பாறையில் 1957இல் பள்ளி மாணவர் ரோஜர் மேசன் இலை வடிவப் புதைபடிவம் ஒன்றைக் கண்டார். முந்தைய ஆண்டே டீனா நீகஸ் என்ற மாணவி அதைப் பார்த்துச் சொல்லியும் யாரும் நம்பவில்லை. சுமார் 56 கோடி ஆண்டு பழைய அந்த உயிருக்குச் 'சார்னியா' என்று பெயர். அவ்வளவு பழைய பாறைகளில் பெரிய உயிர்களே கிடையாது என்று நம்பியிருந்த அறிவியலை அது திருத்தி எழுதியது. சார்ன்லி ஃபாரஸ்ட் கல்லும் அந்தப் பழம்பாறைத் தொகுதியைச் சேர்ந்ததுதான்.

● வேல்ஸின் கார்னெத்தை மலைகளில் மெலின்லின் ஏரிக்கரையில் தீட்டுக்கல் வெட்டிய சுரங்கத்தின் இடிபாடுகள் இன்னும் நிற்கின்றன. வேல்ஸ் கற்கள் பச்சை, சாம்பல், ஊதா எனப் பல நிறம். துரிங்கியா என்றும் சார்ன்லி என்றும் தவறாகப் பெயர் சூட்டப்படும் கற்களில் இவை நிறைய. நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இவையே அத்தாட்சி.

● ஸ்காட்லாந்தின் ஏர்ஷயரில் வெட்டியவை 'வாட்டர் ஆஃப் ஏர்', 'டாம் ஓ ஷான்ட்டர்' கற்கள். சாம்பல் நிறத்தில் புள்ளிகள் தெளித்திருக்கும். அச்சுக் கூடங்களில் லித்தோ கல்லில் வரைந்ததைத் தேய்த்து அழிக்கவும் ஏர் கல்லைப் பயன்படுத்தினார்கள். ஆகவே குச்சி வடிவில் கிடைப்பது சவரக்கல்லாக இருக்காமல் அச்சகச் சாமானாகவும் இருக்கலாம்.

● துருக்கி எண்ணெய்க்கல் 19ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியப் பட்டறைகளின் செல்லப்பிள்ளை. இதில் சிலிக்கா 70 முதல் 75 விழுக்காடு, கால்சைட் 20 முதல் 25 விழுக்காடு. சிறு துண்டுகளாகவே கிடைக்கும். விரிசல் அதிகம், எளிதில் உடையும். முழுசாக, பெரிதாக ஒன்று கிடைத்தால் சந்தேகப்படுவது நல்லது.

● அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ் சுற்றுவட்டாரத்து 'நோவாகுலைட்' பாறை 99 விழுக்காட்டுக்கும் மேல் சிலிக்கா. ஐரோப்பியர் வருவதற்கு வெகுமுன்பே அங்குள்ள பழங்குடிகள் இதை வெட்டி அம்புமுனையும் ஈட்டிமுனையும் செய்தார்கள். எல். எஸ். கிரிஸ்வோல்ட் இதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். ஆர்கன்சா மாநில நிலவியல் துறையின் 1890ஆம் ஆண்டு அறிக்கையாக அது வந்தது.

● நோவாகுலைட்டில் நுண்துளை அதிகமுள்ள வகை 'வாஷிட்டா'. மற்றது 'ஆர்கன்சா'. இரண்டும் வேதியியலில் ஒன்றே, நெருக்கத்தில்தான் வித்தியாசம். வாஷிட்டா வேகமாக வெட்டும், கத்திகளுக்கும் உளிகளுக்கும் ஏற்றது. அடர்ந்த ஆர்கன்சாதான் சவரக்கத்திக்கு. பைக் நிறுவனத்தின் 'லில்லி ஒயிட்' லேபிள் வாஷிட்டாவுக்குப் பெரும்பெயர் தந்தது. 1932இல் பைக்கை நார்ட்டன் வாங்கியது. லேபிளில் எந்தப் பெயர் இருக்கிறது என்பதிலிருந்தே கல்லின் காலத்தை ஓரளவு கணிக்கலாம்.

● ஜப்பானின் கியோட்டோ மலைகளில் நாகயாமா, ஒசுக்கு, ஒகுடோ, ஓஹிரா சுரங்கங்களின் கற்கள் சவரக்கத்திக்கும் வாளுக்கும் பேர்போனவை. இவற்றில் மை முத்திரை குத்துவது வழக்கம். நனைய நனைய முத்திரை மங்கிவிடும். முத்திரையைப் போலியாகவும் குத்தலாம். பக்கங்களில் அரக்குப் பூச்சு பூசியிருந்தால் வியக்க வேண்டாம். தண்ணீர் புகுந்து அடுக்குகள் பிளவுபடாமல் இருக்கப் பயன்படுத்தியவர் செய்த ஏற்பாடு அது.

● ஜப்பானில் ஆழ்கடலில் படிந்த ஒருவகைக் களிப்பாறைக்கு நிலவியலாளர்கள் வைத்திருக்கும் பெயரே 'தீட்டுக்கல் வகைப் பாறை'. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் உலக உயிரினங்களில் பெரும்பகுதி அழிந்த பேரழிவை ஒட்டிப் படிந்தது அது. அதுவரை கடலடியில் சிலிக்கா ஓடுகளைக் கொட்டிவந்த நுண்ணுயிர்கள் அருகிப்போயின. நுண்ணிய களிமண்ணே மிஞ்சிப் படிந்தது.

● ஜப்பானியத் தீட்டுக்கல்லோடு வெண்ணிறச் சிறுகல் ஒன்றும் கிடைத்தால் அது 'நாகுரா'வாக இருக்கலாம். ஐச்சி மாநிலத்தின் மிகாவா வட்டாரத்துக் கல். எரிமலைச் சாம்பல் இறுகி உருவானது. பெரிய கல்லின் மேல் தேய்த்துக் குழம்பு எடுக்கத்தான் இது.

● முடிதிருத்துவோரின் கற்கள் எல்லாமே இயற்கைக் கற்கள் அல்ல. எட்வர்ட் அச்சசன் 1891இல் சிலிக்கன் கார்பைடை உருவாக்கிய பிறகு, 'கார்போரண்டம்' போன்ற செயற்கைக் கற்கள் சவரப்பெட்டிகளில் குவிந்தன. இன்று ஸ்லோவேனியாவில் உள்ள மாரிபோரின் 'ஸ்வாட்டி'யும் அந்த வகைதான். அச்சில் அழுத்திய எழுத்துகள், எங்கும் ஒரே மாதிரித் துகள், ரேகையே இல்லாத உடல் இருந்தால் அது சூளையில் பிறந்த கல்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

● கல் கிடைத்தவுடன் உப்புத்தாளை எடுக்காதீர்கள்! லேபிளின் கிழிசல், பசைத் தடம், ரம்பம் ஓடிய கோடு, பென்சில் எழுத்து எல்லாமே ஆதாரங்கள். ஆறு பக்கங்களையும் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் கழுவ வேண்டும்.

● நூறு வருட எண்ணெய், எந்தக் கல்லையும் கரும்பழுப்பாக்கிவிடும். பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலில் லேபிள் நனையாமல் தேய்த்து, பல முறை அலசுங்கள். கொதிக்கும் தண்ணீரோ அடுப்புச் சூடோ கூடாது. ஒட்டிய கல்லின் பசை விட்டுப்போகும், விரிசலும் விழும்.

● நிறத்தை எப்போதும் பகல் வெளிச்சத்தில், நனைத்துப் பாருங்கள். காய்ந்த நிலையில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும் கற்கள், தண்ணீர் பட்டதும் பச்சையும் நீலமும் காட்டும். ரேகைகளும் புள்ளிகளும் அப்போதுதான் வெளிப்படும்.

● நடுவில் குழிந்த கல் பெரும்பாலும் சமையல் கத்தியையோ உளியையோ பார்த்தது. ஒடுங்கி, மெலிந்து, முகம் சமமாகத் தேய்ந்த கல்லுக்குச் சவரக்கத்தியோடு பழக்கம் இருந்திருக்கலாம்.

● குழம்புச் சோதனை: முகத்தில் சில துளித் தண்ணீர் விட்டு, நுண்ணிய வைரத் தகட்டால் லேசாகத் தேயுங்கள். கோட்டிகூல் அரைத்த சந்தனம் போல் வெளிர் குழம்பு தரும். பெல்ஜிய நீலக்கல் ஊதாவாகத் தரும். வெளிர் துரிங்கியா சீக்கிரமே வெளிர்சாம்பல் குழம்பு விடும். ஆர்கன்சாவும் சார்ன்லியும் லேசில் விடமாட்டா. குழம்பின் மேல் பழைய கத்தியை ஓட்டினால் எவ்வளவு சீக்கிரம் கறுக்கிறது என்று பாருங்கள். கறுப்பது கல்லல்ல, அறுபட்ட எஃகு.

● அடர்த்திச் சோதனைக்குச் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். உலர்ந்த கல்லின் எடையை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுதும் மூழ்க விடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கனஅளவு, கனசென்டிமீட்டரில். எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. 530 கிராம் கல் 200 காட்டினால் 2.65. அது தூய குவார்ட்சின் அடர்த்தி.

● இந்த எண்ணுக்கு நல்ல பலன் உண்டு. நோவாகுலைட் 2.65ஐ நெருங்க நெருங்க நுண்துளை குறைவு, சவரக்கத்திக்குப் பொருத்தம் கூடுதல். வாஷிட்டா அதைவிடத் தெளிவாகக் குறையும். பலகைக்கற்கள் பொதுவாக 2.7, 2.8 பக்கம் நிற்கும். ஸ்பெஸ்ஸார்டீன் கார்னெட்டின் அடர்த்தி 4ஐத் தாண்டும் என்பதால் கோட்டிகூலின் மஞ்சள் அடுக்கு கனமானது. ஒட்டுக்கல்லில் மட்டும் இந்தக் கணக்கு இரண்டு பாறைகளின் சராசரியைத்தான் தரும்.

● இருட்டறையில் கல்லின் விளிம்பில் டார்ச் அடியுங்கள். வெளிச்சம் உள்ளே ஊடுருவி ஓரம் ஒளிர்ந்தால் அது ஒளிகசியும் ஆர்கன்சாவாக இருக்க வாய்ப்பு அதிகம். பலகைக்கல்லில் வெளிச்சம் நுழையாது.

● அடிப்பக்க மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, நுரைக்கிறதா என்று பார்த்ததும் துடையுங்கள். நுரை வந்தால் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கால்சைட் கலந்த துருக்கிக் கல்லாகவோ வெறும் சலவைக்கல்லாகவோ இருக்கலாம். நோவாகுலைட் நுரைக்காது.

● நல்ல கத்தியை உடனே வைக்காதீர்கள். வீணானாலும் பரவாயில்லை என்ற கத்தி ஒன்றை முதலில் ஓட்டி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் விளிம்பைப் பாருங்கள். மற்றவற்றைவிட ஆழமான ஒற்றைக் கீறல் தெரிந்தால் கல்லுக்குள் முரட்டுத் துகள் ஒளிந்திருக்கிறது. அந்த இடம் எது என்று நகத்தால் தடவிக் கண்டுபிடியுங்கள்.

● முகத்தைச் சமப்படுத்தும்போது எப்போதும் தண்ணீர் விட்டே தேயுங்கள். காய்ந்த கல்லைத் தேய்த்தால் பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் நோயைத் தரும். தீட்டுக்கல் வெட்டிய தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம் இது. இதில் துளியும் அலட்சியம் வேண்டாம்.

● "இது எத்தனை நம்பர் கல்?" என்று கேட்டால் இயற்கைக் கல்லுக்குப் பதில் இல்லை. ஒரே கோட்டிகூல் கெட்டியான குழம்போடு வேகமாக அரைக்கும், குழம்பை நீர்க்க நீர்க்க மென்மையாகும், வெறும் தண்ணீரில் மெருகேற்றும். நம்பர் என்பது செயற்கைக் கல்லுக்கு, அதன் துகளைச் சலித்து அளவிட்டுத் தருவது.

● நிறம், குழம்பு, அடர்த்தி, வெட்டிய வடிவம், லேபிள் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். நான்கு ஒரே ஊரைக் காட்டினால் பெயர் சொல்லலாம். இரண்டுதான் பொருந்துகிறது என்றால் 'ஐரோப்பியப் பலகைக்கல்' என்று நிறுத்திக்கொள்வதே நேர்மை. நாளை அதை வாங்குபவருக்கும் அந்த நேர்மையைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

● பெயர் கிடைக்காத கல் மட்டமான கல் அல்ல. அன்றைய முடிதிருத்துவோருக்கு லேபிள் ஒரு பொருட்டே இல்லை. வாடிக்கையாளர் கன்னத்தில் எரிச்சல் இல்லாமல் எழுந்து போனால் அது நல்ல கல். உங்கள் கல்லையும் அந்தக் கணக்கிலேயே முதலில் எடை போடுங்கள்.